குறைந்த விலையில் போர்ட்ரெய்ட் லென்ஸ்: மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஆசையாக ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்குகிறோம். பெட்டியோடு வந்த கிட் லென்ஸில் அம்மாவையோ குழந்தையையோ படம் எடுத்துப் பார்த்தால், ஃபோனில் எடுத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்போதுதான் "போர்ட்ரெய்ட் லென்ஸ் ஒன்று வாங்கு" என்று யாராவது சொல்வார்கள். எதை வாங்குவது, எவ்வளவு செலவு செய்வது என்ற குழப்பம் அங்கே தொடங்குகிறது. இந்தப் பக்கம் அவர்களுக்காக. பெரும்பாலானோர் கையில் இருப்பது ஏபிஎஸ்-சி, அதாவது நடுத்தர அளவு சென்சார் கேமரா என்பதால் கணக்குகளை அதற்கே போட்டிருக்கிறேன். அதைவிடப் பெரிய சென்சாரான ஃபுல் ஃப்ரேம் வைத்திருப்பவர்களுக்கானதை ஆங்காங்கே சொல்கிறேன்.

கிட் லென்ஸ் போதாதா? தனி லென்ஸ் அவசியமா?

பகல் வெளிச்சத்தில் கிட் லென்ஸ் நன்றாகவே எடுக்கும். வீட்டுக்குள்ளும் மாலை நேரத்திலும்தான் சிக்கல். 16-50 மி.மீ. கிட் லென்ஸை 50-க்குத் திருப்பினால் (மி.மீ. கூடக்கூடக் காட்சி நெருங்கி வரும்) அதன் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துவாரம், எஃப்/5.6 அல்லது எஃப்/6.3-க்குச் சுருங்கிவிடும். எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது. அதே 50 மி.மீ.யில் எஃப்/1.8 லென்ஸ் எஃப்/5.6-ஐவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் 1/20 வினாடிக்கு இழுத்து, கை ஆடி, குழந்தை அசைந்து வீணாகும் படம், இதில் 1/200-ல் தெளிவாகக் கிடைக்கும். ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்வு அளவை, தொடவே வேண்டாம்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கிட் லென்ஸை 50-ல் வைத்து, அப்புறம் 35-ல் வைத்து, ஒரு வாரம் அந்த இரண்டில் மட்டும் வீட்டு ஆட்களை எடுங்கள். எந்த அளவில் உங்களுக்கு அதிகப் படங்கள் பிடித்திருக்கிறதோ அதுவே உங்கள் லென்ஸ். காசு செலவில்லாமல் கிடைக்கும் பதில் இது.

எஃப்/1.8, எஃப்/1.4, எஃப்/1.2: எது வரை போகலாம்?

மி.மீ.யை எஃப் எண்ணால் வகுத்தால் அப்பர்ச்சரின் விட்டம் வரும். 50 மி.மீ. எஃப்/1.8 என்றால் 28 மி.மீ. 56 மி.மீ. எஃப்/1.4 என்றால் 40 மி.மீ. 75 மி.மீ. எஃப்/1.2 என்றால் 62 மி.மீ.க்கும் மேல். துவாரம் பெரிதாகப் பெரிதாகக் கண்ணாடியும் பெரிதாகும், எடை கூடும், விலையும் ஏறும். கேனான் ஆர்எஃப் 50 எஃப்/1.8-ன் எடை 160 கிராம். சிக்மா 56 எஃப்/1.4-ன் எடை 280 கிராம். வில்ட்ராக்ஸ் 75 எஃப்/1.2-ன் எடை 670 கிராம்.

எஃப்/1.4-க்கும் எஃப்/1.8-க்கும் வெளிச்சத்தில் ஒரு முழு ஸ்டாப் (இரு மடங்கு) வித்தியாசம்கூட இல்லை. ஒன்றில் ஐஎஸ்ஓ 1600 என்றால் மற்றதில் 2500 வரும், அவ்வளவுதான். இன்றைய சென்சார்களில் அந்த வித்தியாசத்தை உற்றுப் பார்த்தால்தான் கண்டுபிடிக்கலாம். முதல் போர்ட்ரெய்ட் லென்ஸுக்கு எஃப்/1.8 தாராளம். எஃப்/1.4 கட்டுப்படியான விலையில் கிடைத்தால் மகிழ்ச்சியாக வாங்குங்கள். எஃப்/1.2-க்காகக் கடன் வாங்க வேண்டாம்.

எத்தனை மி.மீ. வாங்குவது?

போர்ட்ரெய்ட்டுக்கு 85 என்பது ஃபுல் ஃப்ரேம் கணக்கு. சோனி, நிக்கான், ஃபியூஜி ஏபிஎஸ்-சி கேமராக்களில் 1.5-ஆல் பெருக்க வேண்டும். அதனால் 56 மி.மீ. லென்ஸ் அங்கே 84 போல வேலை செய்கிறது. கேனான் ஏபிஎஸ்-சியில் 1.6, ஆகவே 50 மி.மீ. 80 ஆகிறது. இன்னும் சிறிய சென்சாரான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2, அங்கே 45 என்பது 90.

இந்தக் கணக்கு எல்லோரும் சொல்வது. வாங்கும்போது இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது: நீங்கள் எடுக்கப்போகும் இடத்தில் பின்னால் நகர எவ்வளவு இடம் இருக்கிறது? ஏபிஎஸ்-சி கேமராவை நிமிர்த்திப் பிடித்து 56 மி.மீ.யில் எடுப்பதாக வையுங்கள். முகமும் தோளும் வர ஐந்தடி தள்ளி நின்றால் போதும். இடுப்பு வரை வர எட்டடி. தலை முதல் கால் வரை, கொஞ்சம் இடம் விட்டு எடுக்க 17 அடி. நம் வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு என்றால், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் பட்டுச்சேலை கட்டிய அம்மாவின் கொலுசு வரை ஃப்ரேமுக்குள் வராது. 35 மி.மீ. லென்ஸில் அதே மூன்று தூரங்களும் மூன்றடி, ஐந்தடி, 11 அடி என்று குறைந்துவிடும்.

ஆகவே வீட்டுக்குள் குழந்தையோடும் குடும்பத்தோடும் இருப்பவருக்கு நான் 33 அல்லது 35-ஐத்தான் முதலில் சொல்வேன். மொட்டை மாடி, பூங்கா, கடற்கரை, கோயில் பிராகாரம் என்று வெளியில் எடுப்பவருக்கும், மண்டபத்தில் கீழே நின்று மேடையில் இருப்பவர்களை எடுப்பவருக்கும் 50, 56. ஏபிஎஸ்-சியில் 85 போட்டால் கிட்டத்தட்ட 128 போல ஆகிவிடும். படம் அழகாக வரும், ஆனால் எதிரில் இருப்பவரோடு பேசிக்கொண்டே எடுக்க முடியாத அளவுக்குத் தள்ளி நிற்க நேரும். பேச்சு நின்றால் முகமும் இறுகிவிடும். கூச்சப்படும் ஆட்களை எடுக்கும்போது இது பெரிய விஷயம்.

35-ல் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும் என்கிறார்களே?

முகத்தை மாற்றுவது தூரம். ஒன்றரை அடியில் நின்று எடுத்தால் எந்த லென்ஸானாலும் மூக்கு முன்னே வந்து காதுகள் பின்னே போகும். ஃபோன் செல்ஃபியில் முகம் வேறு மாதிரி தெரிவதும் கை நீளத்தில் எடுப்பதால்தான். நான்கைந்து அடி தள்ளி நின்றால் 35-லும் முகம் இயல்பாகவே இருக்கும். பிறகு கொஞ்சம் க்ராப் செய்துகொள்ளுங்கள்.

பின்னணி நன்றாக மங்கலாக வேண்டும். அதற்கு எஃப்/1.2 வேண்டாமா?

ஆளைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் எந்த லென்ஸும் உதவாது. கணக்கைப் பாருங்கள். ஆள் கேமராவிலிருந்து ஐந்தடியில் நிற்கிறார். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் போட்டிருக்கிறீர்கள், ஒன்றரை அடி பின்னால் சுவர். அதில் கிடைக்கும் மங்கல் எவ்வளவோ, கிட்டத்தட்ட அதே அளவு மங்கல் கிட் லென்ஸின் எஃப்/5.6-லும் கிடைக்கும், பின்னணி 15 அடி தள்ளி இருந்தால். எஃப்/1.8-ஓடு அந்த 15 அடியும் சேர்ந்துவிட்டால் மங்கல் மூன்று மடங்காகும். 56 மி.மீ. எஃப்/1.2 லென்ஸைச் சுவருக்கு ஒன்றரை அடியில் வைத்து எடுத்தாலும் இதில் பாதிதான் வரும்.

ஆளை நான்கு எட்டு முன்னால் வரச் சொல்வது இலவசம். வாசல் கதவருகே நிறுத்தி, தெரு பின்னணியாக வரும்படி எடுத்துப் பாருங்கள். முகத்தில் விழும் வெளிச்சமும் அங்கே நன்றாக இருக்கும்.

சரி, எந்த லென்ஸ் வாங்கலாம்?

விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, கடைக்குக் கடை மாறுகிறது. அதனால் ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு, வெளியான நேரத்து டாலர் விலையை ஒப்பிடுவதற்காக மட்டும் சில இடங்களில் தருகிறேன்.

கேனான் ஆர்50, ஆர்10, ஆர்100 வைத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஆர்எஃப் 50 எஃப்/1.8 எஸ்டிஎம். 2020-ல் 200 டாலருக்கு வந்தது. ஓர் அடி தூரம் வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும், பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். மோட்டாரின் சத்தம் வீடியோவில் கேட்கும், அது ஒன்றுதான் குறை. 2024-ல் கேனான் அனுமதி கொடுத்த பிறகு சிக்மாவின் ஏபிஎஸ்-சி லென்ஸ்களும் ஆர்எஃப் மவுண்டில் (கேனான் மிரர்லெஸ்ஸில் லென்ஸ் பொருந்தும் வாய்) வரத் தொடங்கின. கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தவர்கள் 56 எஃப்/1.4-ஐப் பார்க்கலாம்.

சோனி ஏ6000 வரிசைக்காரர்களுக்குத் தேர்வு அதிகம், அதனாலேயே குழப்பமும் அதிகம். என் முதல் ஓட்டு சிக்மா 56 எஃப்/1.4-க்கு. 2018-ல் 479 டாலருக்கு வந்த லென்ஸ். முழு அப்பர்ச்சரிலேயே கண் இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்கும் கண் ஃபோகஸும் வேகமாக இருக்கும். பணம் இடித்தால் வில்ட்ராக்ஸ் 56 எஃப்/1.7. வெறும் 139 டாலருக்கு வெளிவந்து, எடையும் 170 கிராம் அளவிலேயே நின்ற இந்த லென்ஸ், இந்தப் பிரிவின் விலை எதிர்பார்ப்பையே மாற்றிவிட்டது. சோனியின் சொந்த இ 50 எஃப்/1.8 ஓஎஸ்எஸ் கொஞ்சம் பழையது, ஆனால் கை நடுக்கத்தைக் குறைக்கும் வசதி லென்ஸிலேயே இருக்கிறது. இதையும் எஃப்இ 50 எஃப்/1.8-ஐயும் ஒன்றென்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். எஃப்இ என்பது ஃபுல் ஃப்ரேம் லென்ஸ். அதில் அந்த வசதி கிடையாது, ஃபோகஸும் மெதுவாக, சத்தத்தோடு நகரும். ஓடியாடும் குழந்தைக்கு அது சரிப்படாது.

ஃபியூஜிக்கும் அதே வில்ட்ராக்ஸ் 56 எஃப்/1.7-உம் சிக்மா 56-உம் கிடைக்கின்றன. ஃபியூஜியின் எக்ஸ்எஃப் 50 எஃப்/2 பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. 200 கிராம், தூசியும் தூறலும் தாங்கும் கட்டுமானம். நாள் முழுக்கக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திருவிழாவில் சுற்றுபவருக்கு எனக்கு மிகப் பிடித்த பரிந்துரை இதுதான். நிக்கான் இசட்50, இசட்30-க்கு வில்ட்ராக்ஸ் 56, அல்லது 2023-ல் இசட் மவுண்டுக்கு வந்த சிக்மா 56. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் ஒலிம்பஸ் 45 எஃப்/1.8. 2011-ல் வந்தது, 116 கிராம், இன்றும் அந்த விலைக்கு அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

ஃபுல் ஃப்ரேமில் சோனி எஃப்இ 85 எஃப்/1.8, நிக்கான் இசட் 85 எஃப்/1.8 எஸ் இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கேனானில் ஆர்எஃப் 85 எஃப்/2 மேக்ரோ. இது பாதி அளவு மேக்ரோவும் (மிக நெருங்கிய படம்) எடுக்கும் என்பதால் கல்யாணத்தில் மோதிரம், மருதாணி, தாலிக்கொடி எல்லாம் இதிலேயே முடிந்துவிடும். ஃபோகஸ் வேகம் மட்டும் எதிர்பார்த்த அளவுக்கு இருக்காது. சோனி ஃபுல் ஃப்ரேமில் எடையைக் குறைக்க விரும்பினால் சாம்யாங் 75 எஃப்/1.8, 230 கிராம்தான்.

வேறு கம்பெனி லென்ஸ்களை நம்பலாமா?

சிக்மாவை நம்பலாம், பல பத்தாண்டுகளாக லென்ஸ் செய்கிறவர்கள். வில்ட்ராக்ஸ், டிடிஆர்டிசன் போன்ற சீன நிறுவனங்களும் கடந்த சில ஆண்டுகளில் நிறையத் தேறிவிட்டன. இரண்டு விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸில் ஃபர்ம்வேர் (அதன் உள் மென்பொருள்) ஏற்ற யுஎஸ்பி துளையோ வேறு வழியோ இருக்கிறதா? கேமராவின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகு ஆட்டோஃபோகஸ் தகராறு செய்தால் அதுதான் கைகொடுக்கும். அடுத்து, விற்பவர் இந்தியாவில் வாரண்டி தருகிறாரா? மலிவு லென்ஸ்களில் ஒரே மாடலில் ஒன்று அருமையாகவும் இன்னொன்று ஒரு பக்கம் மங்கலாகவும் வருவதுண்டு. மாற்றித் தருகிற கடையில் வாங்குவது இருநூறு ரூபாய் குறைவாகக் கிடைப்பதைவிட முக்கியம்.

வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். செங்கல் சுவரையோ சுவரில் ஒட்டிய செய்தித்தாள் விரிப்பையோ நேராக நின்று எஃப்/2.8-ல் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு தெளிவாகவோ ஒரே அளவு மங்கலாகவோ இருந்தால் சரி. ஒரு மூலை மட்டும் குழைந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

எஃப்/1.4-ல் எடுத்தால் பாதிப் படங்கள் ஃபோகஸ் இல்லாமல் வருகின்றன. லென்ஸ் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. 56 மி.மீ. எஃப்/1.4-ல் ஐந்தடி தூரத்தில் தெளிவாக இருக்கும் பகுதியின் ஆழம் வெறும் நான்கு சென்டிமீட்டர். மூன்றேகால் அடிக்கு நெருங்கினால் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. பாட்டியை நெருங்கி எடுக்கிறீர்கள், ஃபோகஸ் பளபளக்கும் மூக்குத்தியில் பிடித்துக்கொள்கிறது. கல் ஜொலிக்கும், கண் குழைந்திருக்கும். கேமராவின் திரையில் பார்க்கும்போது படம் சரியாக இருப்பது போலவே தோன்றும், வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கினால்தான் குறை தெரியவரும்.

கண் ஃபோகஸை எப்போதும் இயக்கத்தில் வையுங்கள். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி ஃபோகஸைப் பிடித்துக்கொண்டு ஃப்ரேமை மாற்றாதீர்கள், நீங்கள் இரண்டு சென்டிமீட்டர் முன்னே சாய்ந்தாலே போச்சு. தொடர் ஃபோகஸில் வைத்து மூன்று நான்கு படங்கள் அடுத்தடுத்து எடுங்கள். தலை திரும்பியிருக்கும்போது கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்தான் தெளிவாக இருக்க வேண்டும். ஜிமிக்கியும் தெரிய வேண்டும் என்றால் எஃப்/2.8-க்குப் போங்கள். ஐந்தடியில் எட்டு சென்டிமீட்டர் கிடைக்கும், பின்னணியும் போதிய அளவு மங்கியே இருக்கும்.

இரண்டு பேர் என்றால் எஃப்/2.8-லிருந்து எஃப்/4. மணமக்கள் தலையோடு தலை சேர்த்து நிற்கும்போது இருவர் கண்களும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி நீங்கள்தான் பக்கவாட்டில் நகர்ந்து சரிசெய்ய வேண்டும். மூன்று நான்கு பேர் கொண்ட குடும்பப் படத்துக்கு எஃப்/5.6. அங்கே இந்த லென்ஸின் பெருமையைக் காட்டப்போனால் சித்தப்பாவின் முகம் மங்கிவிடும்.

வெயிலில் எடுத்தால் படம் வெளுத்துப் போகிறதே?

நம் ஊர் மதிய வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/1.4 வைத்தால் ஷட்டர் 1/12800 வேண்டும். நடுத்தர விலைக் கேமராக்கள் பலவற்றில் மெக்கானிக்கல் ஷட்டர் (திரை நிஜமாகவே நகரும் வகை) 1/4000-ல் நின்றுவிடும். நிழலுக்குப் போவதுதான் நல்ல வழி. முகத்துக்கும் அதுதான் அழகு, கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழாது. வெயிலிலேயே எடுத்தாக வேண்டும் என்றால் வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்கும் என்டி8 ஃபில்டர் போடுங்கள், 1/1600-க்கு இறங்கிவிடும்.

இன்னொன்று: அப்பர்ச்சரைத் திறந்துவைத்து 1/1000-க்கு மேல் எடுக்கும்போது, எலக்ட்ரானிக் முன் திரை ஷட்டர் வசதி (முதல் திரைக்குப் பதிலாக சென்சாரே பதிவைத் தொடங்குவது) இயக்கத்தில் இருந்தால் பின்னணி ஒளி வட்டங்களின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டது போல வரலாம். மெனுவில் அதை அணைக்க வழி இருந்தால் அணைத்துவிட்டு எடுங்கள். லென்ஸைக் குறை சொல்லும் பலர் இதைக் கவனிப்பதில்லை.

மண்டபத்தில் எடுத்த படங்களில் கோடு கோடாக வருகிறது.

எல்இடி விளக்குகளின் துடிப்பு அது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 1/100-ல் வையுங்கள். அகன்ற அப்பர்ச்சர் இருப்பதால் ஐஎஸ்ஓ எகிறாது.

மல்லிகைப்பூ ஓரத்தில் ஊதா, பச்சை நிறம் தெரிகிறதே?

கறுப்புக் கூந்தலில் வெள்ளைப் பூ, பட்டுச்சேலையில் ஜரிகை: மலிவான லென்ஸ்களுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. ஃபோகஸுக்கு முன்னால் இருக்கும் விளிம்புகள் ஊதாவாகவும் பின்னால் இருப்பவை பச்சையாகவும் சாயம் ஏறும். அப்பர்ச்சரை எஃப்/2.8-க்குக் குறைத்தால் பெரும்பாலும் போய்விடும். ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) எடுத்தால் மென்பொருளிலும் நீக்கலாம், ஆனால் ஊதாச் சேலையின் நிறத்தையும் சேர்த்துத் தின்றுவிடாமல் அந்த இடத்துக்கு மட்டும் பிரஷ் போடுங்கள்.

லென்ஸில் நடுக்கம் குறைக்கும் வசதி இல்லையே, பரவாயில்லையா?

பரவாயில்லை. அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், எதிரில் இருப்பவர் அசைவதை அல்ல. ஆட்களை எடுக்க எப்படியும் 1/125-க்குக் கீழே போகக்கூடாது (மண்டபத்தில் கோடு விழும்போது மட்டும் 1/100), குழந்தைகளுக்கு 1/250. வீடியோ அதிகம் எடுப்பவர் மட்டும் இதை யோசிக்க வேண்டும்.

பழைய மேனுவல் லென்ஸ் வாங்கி அடாப்டர் போட்டால்?

சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப்/2, இதில் பிரபலமானது. இலைகள் நிறைந்த பின்னணியைச் சுழல் போலக் காட்டும். எம்42 என்ற பழைய திருகு மவுண்ட் என்பதால் மலிவான அடாப்டரே போதும். மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் படமே எடுக்காது. ஃபோகஸ் பீக்கிங் (தெளிவான விளிம்புகளை நிறத்தால் காட்டும் வசதி) போட்டு, வியூஃபைண்டரில் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்ப வேண்டும். அமைதியாக உட்கார்ந்திருக்கும் தாத்தாவை எடுக்க அருமையான லென்ஸ். கல்யாணத்துக்கு ஒத்துவராது. உங்களிடம் இருக்கும் ஒரே போர்ட்ரெய்ட் லென்ஸாக இதை வாங்க வேண்டாம்.

பின்னாளில் ஃபுல் ஃப்ரேம் வாங்குவேன். இப்போதே அதற்கான லென்ஸ் வாங்கலாமா?

எப்போது என்று தெரியாத கேமராவுக்காக இன்று பெரிய லென்ஸ் சுமக்க வேண்டாம். ஏபிஎஸ்-சி லென்ஸை ஃபுல் ஃப்ரேமில் மாட்டினால் க்ராப் ஆகி, 24 மெகாபிக்சல் கேமரா 10 மெகாபிக்சல் அளவுக்கு இறங்கும் என்பது உண்மைதான். அந்த நாள் வந்தால் விற்றுவிட்டு மாறுங்கள். பேர்பெற்ற 56 மி.மீ. லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் சுலபமாக விலைபோகும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஃபோன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை, வாங்காதீர்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பீரோவுக்குள்ளேயே வருடக்கணக்கில் வைத்திருந்த லென்ஸ்களில் இது சகஜம். சின்னத் தூசுகள் படத்தில் தெரியாது, அதற்குப் பயப்பட வேண்டாம். உங்கள் கேமராவில் மாட்டி, ஆடுகிறதா, மவுண்டின் தங்கநிறத் தொடுமுனைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஆட்டோஃபோகஸை அருகிலும் தூரத்திலும் மாறி மாறி ஓடவிடுங்கள். எஃப்/8-ல் வைத்துப் படம் எடுக்கும்போது அப்பர்ச்சர் இதழ்கள் தயங்காமல் மூடுகின்றனவா என்பதையும் கவனியுங்கள்.

வாங்கி வந்த பிறகு, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு வையுங்கள். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று பொருள், மாற்ற வேண்டும். தோல் உறையில் மூடி வைக்கவே கூடாது, தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது லென்ஸை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள்.